டயாலிசிஸில் இருப்பவரின் இடுப்புச் சுற்றளவும் இறங்கும் சர்க்கரையும்

கேள்வி: என் கணவருக்கு வயது 52. பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். 2019-இல் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு வருடமாக வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சென்டரில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்கிறோம். ஒவ்வொரு முறையும் நான்கு, நாலரை கிலோ ஏறித்தான் போகிறார். சிறுநீர் அரை டம்ளர் வந்தால் அதிகம். போன மாதம் முழு உடல் பரிசோதனை செய்ததில் இடுப்பு 104 செ.மீ., இரத்தக் கொழுப்பில் டிரைகிளிசரைடு 240, நல்ல கொழுப்பான எச்டிஎல் 31, வெறும் வயிற்றுச் சர்க்கரை 118, இரத்த அழுத்தம் 160/90 என்று வந்தது. 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். உயரம் 168 செ.மீ., டிரை வெயிட் (மிகுதி நீரை எடுத்தபின் இருக்க வேண்டிய எடை) 78 கிலோ. எடையைக் குறைத்தால் எல்லாம் சரியாகும் என்று என் கொழுந்தனார் சொன்னதிலிருந்து இவர் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டார். டயாலிசிஸுக்கு முன்பு சொன்ன பத்தியப்படி பருப்பு, முட்டை, மீன் எதையும் இன்றுவரை தொடுவதில்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.9 வந்ததால் சர்க்கரையே போய்விட்டது என்று சந்தோஷப்படுகிறார். நாற்பது யூனிட்டாக இருந்த கலவை இன்சுலின், காலை பத்து, இரவு ஆறு என்று குறைந்துவிட்டது. சில நாள் விடியற்காலையில் பனியன் நனைகிற அளவுக்கு வியர்க்கிறது. புழுக்கம் என்று விட்டுவிட்டோம். டயாலிசிஸ் நோயாளிக்குப் பயனில்லை என்று ஒருவர் சொன்னதால் கொழுப்பு மாத்திரையையும் நிறுத்திவிட்டோம். குண்டாக இருப்பவர்கள்தான் டயாலிசிஸில் நீண்ட நாள் இருக்கிறார்கள் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது? வீட்டிலேயே வயிற்றில் செய்யும் டயாலிசிஸுக்கு மாறலாமா? என் சிறுநீரகத்தைக் கொடுக்கவும் தயாராக இருக்கிறேன். எனக்கு வயது 46. என் அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு.
— ஒரு வாசகி, அம்பத்தூர், சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருமுன், கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் பனியன் நனைகிற வியர்வை புழுக்கத்தால் வந்தது என்று நான் எண்ணவில்லை. இரவு உணவை விட்டுவிட்டு இரவு ஊசியை மட்டும் தொடர்கிற ஒருவருக்கு, அதுவும் சிறுநீரகம் செயலிழந்தவருக்கு, அந்த நேரத்தில் வியர்த்தால் அது இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியதன் அடையாளம் என்றே முதலில் கருத வேண்டும். இந்தப் பதிலைப் படித்த அன்றே உங்கள் நெஃப்ராலஜி (சிறுநீரக) மருத்துவரையோ சர்க்கரை நோய் மருத்துவரையோ தொலைபேசியிலாவது அழைத்து, இன்சுலின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். அதுவரை, சாப்பிடாமல் கலவை இன்சுலினைப் போடுவது கூடாது. இரவு உணவை இன்றே மீண்டும் தொடங்கச் சொல்லுங்கள்.

இன்று இரவு மூன்று மணிக்கு ஒரு முறை எழுப்பி, விரல் நுனியில் குத்திக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரை அரை டம்ளருக்கும் குறைவான நீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். குளுக்கோஸ் இல்லையென்றால் வீட்டுச் சர்க்கரையே போதும். நம் வீடுகளில் சட்டென்று கைக்கு வருகிற ஆரஞ்சுச் சாறும் இளநீரும் இவருக்கு ஆகாது. இரண்டிலும் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் ஓய்ந்தவருக்கு அது இதயத்தைப் பாதிக்கும். நினைவு தப்பினாலோ விழுங்க முடியாமல் போனாலோ வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் பெரும்பாலும் சாப்பிடுகிற பீட்டா தடுப்பு மாத்திரைகள், சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடக்கூடும். வியர்வையை அவை பெரும்பாலும் மறைப்பதில்லை. ஆகவே அந்த நனைந்த பனியன் ஒன்றுதான் உங்களுக்குக் கிடைத்த எச்சரிக்கையாக இருக்கலாம்.

சர்க்கரை ஏன் இறங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால் 'போய்விட்டது' என்ற மகிழ்ச்சியில் உள்ள ஆபத்து தெரியும். உடலில் சுற்றும் இன்சுலினில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சிதைத்து அகற்றும் வேலையைச் சிறுநீரகங்கள் செய்கின்றன. அவை ஓய்ந்துவிட்டால், போட்ட ஊசி வழக்கத்தைவிட நீண்ட நேரம் உடலில் தங்கி வேலை செய்கிறது. பட்டினி நேரத்தில் ஈரலோடு சேர்ந்து குளுக்கோஸைத் தயாரித்துக் கொடுப்பதும் சிறுநீரகத்தின் வேலைதான். அந்தக் கையிருப்பும் குறைந்துவிடுகிறது. இவற்றோடு பசியின்மையும் சதை இழப்பும் சேரும்போது, நாற்பது யூனிட் தேவைப்பட்டவருக்குப் பதினாறே மிகுதியாகிவிடுகிறது. நோய் குணமானதால் வந்த குறைவு அன்று இது. சிறுநீரகம் வேலை செய்யாததாலும் உணவு போதாததாலும் வந்த குறைவு.

எச்பிஏ1சி 5.9 என்ற எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. சிவப்பணுக்கள் சுமார் 120 நாட்கள் வாழும்போது அவற்றில் ஒட்டிச் சேரும் சர்க்கரையை அளப்பதே அந்தப் பரிசோதனை. டயாலிசிஸில் இருப்பவர்களுக்குச் சிவப்பணுக்களின் ஆயுள் குறைவு. இரத்தசோகைக்குப் போடும் எரித்ரோபாய்ட்டின் ஊசி இளம் அணுக்களை உண்டாக்குகிறது. சிலருக்கு இரத்தம் ஏற்றியும் இருப்பார்கள். சர்க்கரை ஒட்டுவதற்குள் அணுவே மாறிவிடுவதால் அளவு உண்மையைவிடக் குறைவாக வரும். டயாலிசிஸில் உள்ள சர்க்கரை நோயாளிக்கு 7-க்கும் 8-க்கும் இடையில் இருந்தாலே நாங்கள் பெரும்பாலும் திருப்தி அடைகிறோம். இன்சுலின் போடுபவருக்கு 5.9 வந்தால் எனக்குக் கவலைதான் வரும். விரல் நுனிச் சோதனையை உணவுக்கு முன், படுக்கும் முன், டயாலிசிஸ் நாளில் ஊசி குத்துமுன், முடிந்தபின் என்று இரண்டு வாரம் குறித்து வைத்தால், அந்த நோட்டு எச்பிஏ1சியைவிட உண்மையைச் சொல்லும். முடிந்தால் கையில் ஒட்டிக்கொள்ளும் தொடர் குளுக்கோஸ் சென்சாரை ஒரு முறை பதினான்கு நாட்களுக்கு வைத்துப் பார்க்கலாம். விலை சற்று அதிகம்தான் என்றாலும் இவரைப் போன்றவருக்கு அந்தச் செலவு தகும்.

இனி அந்தப் பரிசோதனைத் தாளில் எழுதப்பட்ட பெயருக்கு வருகிறேன். இன்சுலினுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு, உயர் இரத்த அழுத்தம், கெட்டுப்போன கொழுப்பு அளவுகள் ஆகியவை ஒன்றோடொன்று கூடியே வருகின்றன என்பதை அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் 1988-இல் எடுத்துச் சொன்னார். பின்னர் 2001-இல் அமெரிக்காவின் கொலஸ்ட்ரால் வழிகாட்டுக் குழு இடுப்புச் சுற்றளவையும் சேர்த்து ஐந்து அளவுகோல்களை வகுத்து, மூன்று பொருந்தினாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்றது. அவர்கள் ஆணின் இடுப்புக்கு 102 செ.மீ. என்று வைத்த எல்லை நமக்குப் பொருந்தாது; தெற்காசியர்களுக்கு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 என்பதே ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை. டிரைகிளிசரைடு 150-உம் அதற்கு மேலும், எச்டிஎல் ஆணுக்கு 40-க்குக் கீழ், பெண்ணுக்கு 50-க்குக் கீழ், இரத்த அழுத்தம் 130/85-உம் அதற்கு மேலும், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-உம் (2001-இல் 110 என்றிருந்து பின்னர் குறைக்கப்பட்டது) அதற்கு மேலும் என்பவை மற்ற நான்கு. உங்கள் கணவருக்கு ஐந்தும் பொருந்துகின்றன. பரிசோதனை நிலையம் தவறாக எழுதவில்லை.

ஆனால் இந்த அளவுகோல்கள், சிறுநீரகம் வேலை செய்கிற பொது மக்களில் யாருக்குப் பின்னாளில் மாரடைப்பும் சர்க்கரை நோயும் வரும் என்று முன்கூட்டிக் கண்டுபிடிப்பதற்காக வகுக்கப்பட்டவை. உங்கள் கணவருக்குச் சர்க்கரை வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இதய நோயும் வந்துவிட்டது. எனவே அந்தப் பெயர் அவருக்குப் புதிதாக எதையும் முன்னறிவிப்பதில்லை. ஒவ்வோர் எண்ணையும் டயாலிசிஸின் கணக்கில் வைத்து மறுபடி படிப்பதுதான் பயன் தரும்.

டிரைகிளிசரைடை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை இரத்தத்திலிருந்து உடைத்தெடுக்கும் லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி, சிறுநீரகச் செயலிழப்பில் மந்தமாகிவிடுகிறது. டயாலிசிஸின்போது இரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரினும் காலப்போக்கில் அந்த நொதியின் இருப்பைக் குறைக்கிறது. அதனால்தான் எலும்பும் தோலுமாக இருக்கும் டயாலிசிஸ் நோயாளிக்கும் டிரைகிளிசரைடு கூடியும் எச்டிஎல் குறைந்தும் வருவதைத் தினமும் பார்க்கிறோம். 240 என்ற அளவுக்குத் தனி மாத்திரை தேவையில்லை. ஃபீனோஃபைப்ரேட் வகை மாத்திரையை யாராவது எழுதிக் கொடுத்தால் டயாலிசிஸ் விவரத்தைச் சொல்லித் திருப்பிக் கொடுங்கள். அது இவருக்கு உகந்ததன்று. அடுத்த முறை இரத்தம் எடுக்கும்போது டயாலிசிஸ் தொடங்குமுன், ஹெப்பாரின் போடுமுன் எடுக்கச் சொல்லுங்கள்.

இடுப்பு 104 என்பது எந்த நாளில் அளந்தது என்று நீங்கள் எழுதவில்லை. நான்கு கிலோ நீர் ஏறிய நாளில் அளந்திருந்தால் அதில் ஒரு பங்கு நீராகவும் இருக்கலாம். டயாலிசிஸ் முடிந்த மறுநாள் காலையில், நின்ற நிலையில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவை வைத்து, இயல்பாக மூச்சை விட்டு முடித்த கணத்தில் அளங்கள். பேன்ட் கட்டும் இடத்தில் அளந்தால் தொப்பைக்குக் கீழே நாடா இறங்கிவிடும். அப்படி அளந்தும் 100-ஐ நெருங்கினால் அது கொழுப்புத்தான். அதை அலட்சியப்படுத்தச் சொல்ல மாட்டேன்.

'குண்டாக இருப்பவர்கள்தான் நீண்ட நாள் இருக்கிறார்கள்' என்று சொன்னவர் கதை கட்டவில்லை. டயாலிசிஸ் நோயாளிகளைப் பெருந்தொகையில் பின்தொடர்ந்த பல ஆய்வுகளில், பிஎம்ஐ கூடியவர்கள் மெலிந்தவர்களைவிட நீண்ட காலம் வாழ்ந்தது திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. பொது மக்களிடம் காண்பதற்கு நேர்மாறான இந்தக் கண்டுபிடிப்பு, கொழுப்புக்கு நற்சான்று வழங்கிவிடவில்லை. பிஎம்ஐ என்பது கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கு மட்டுமே. அந்த எடையில் சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, நீர் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. டயாலிசிஸில் மெலிகிறவர்களில் பலர் பசியின்மையாலும், ஓயாத அழற்சியாலும், புரதம் போதாமையாலும் சதை கரைந்து மெலிகிறார்கள்; அவர்களை மரணத்தை நோக்கித் தள்ளுவது அந்தச் சதை இழப்பு. இத்தாலியில் டயாலிசிஸ் நோயாளிகளிடம் இடுப்புச் சுற்றளவையும் பிஎம்ஐயையும் சேர்த்துப் பார்த்து 2009-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பிஎம்ஐ கூடக்கூட ஆயுள் கூடியது. ஆனால் இடுப்பு பெருக்கப் பெருக்க மரணம் கூடியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, எடை குறைவாகவும் இடுப்பு பெரிதாகவும் இருந்தவர்களின் நிலைதான் மிக மோசம். உங்கள் கொழுந்தனார், அந்த இன்னொருவர் இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. தொப்பை குறைய வேண்டும். ஆனால் தோளிலும் தொடையிலும் இருக்கும் சதை ஒரு கிராம்கூடக் குறையக் கூடாது.

இரவுச் சாப்பாட்டை விடுவதால் நடப்பதோ இதற்கு நேர் எதிர். பட்டினியிலும் புரதமில்லாத உணவிலும் முதலில் கரைவது சதை. அதிலிருந்து இன்னொரு சிக்கல் பிறக்கிறது; டயாலிசிஸ் குடும்பங்களில் பலருக்கு இது தெரிவதில்லை. உங்கள் கணவரின் டிரை வெயிட் 78 கிலோ என்று இயந்திரத்தில் வைத்து, ஒவ்வொரு முறையும் அந்த எண் வரும்வரை நீரை எடுக்கிறார்கள். அவருடைய சதை இரண்டு கிலோ கரைந்திருந்தால் உண்மையான டிரை வெயிட் 76 ஆகிவிட்டது. ஆனால் இயந்திரம் 78-இலேயே நின்றுவிடும். கரைந்த இரண்டு கிலோ சதையின் இடத்தில் இரண்டு கிலோ நீர் உட்கார்ந்துகொள்ளும். தராசு அதே 78-ஐக் காட்டும். வீட்டில் எல்லோரும் எடை அப்படியேதான் இருக்கிறது என்று நினைப்பார்கள். இரத்த அழுத்தம் மட்டும் 160-க்கு ஏறி நிற்கும். உங்கள் வீட்டில் நடப்பது இதுவாக இருக்க வாய்ப்பு மிகுதி. பழைய சட்டை தோளில் தொளதொளப்பாகவும் வயிற்றில் இறுக்கமாகவும் ஆகியிருக்கிறதா, நெற்றிப் பொட்டுக்குப் பக்கத்தில் குழி விழுந்திருக்கிறதா, டயாலிசிஸ் முடிந்து வரும்போதும் கணுக்காலில் அழுத்தினால் பள்ளம் விழுகிறதா, மல்லாந்து படுத்தால் இருமல் வருகிறதா என்று பாருங்கள். பார்த்ததை மருத்துவரிடம் அப்படியே சொல்லி, டிரை வெயிட்டை மறு ஆய்வு செய்யக் கேளுங்கள். அதை ஒரேயடியாகக் குறைக்க மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் இருநூறு, முந்நூறு கிராமாக இறக்கிப் பார்ப்பார்கள். டிரை வெயிட்டை இப்படிக் கவனமாக இறக்குவதாலேயே இரத்த அழுத்தம் குறைகிறது என்பது 2009-இல் வெளியான ஒரு சோதனையில் தெளிவாகக் காட்டப்பட்டது. சராசரியாக ஒரு கிலோ அளவுக்கு இறக்கியதிலேயே மேல் அளவு ஏழு புள்ளி குறைந்தது. புதிதாக ஒரு பிபி மாத்திரையைச் சேர்க்குமுன் செய்ய வேண்டியது இதுதான்.

வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் போதுமா என்ற கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். சிறுநீர் தாராளமாக வருகிறவருக்கு இரண்டு முறை சில காலம் போதலாம். அரை டம்ளர் மட்டுமே வருகிறவருக்குப் போதாது. இரண்டு அமர்வுகளுக்கு இடையில் ஏறும் எடை, டிரை வெயிட்டில் நான்கிலிருந்து நாலரை விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. இவருக்கு அது அதிகபட்சம் மூன்றரை கிலோ. நாலரை லிட்டரை நான்கு மணி நேரத்தில் உறிஞ்சினால், ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 14 மி.லி.க்கும் மேல் ஆகிறது. 13-ஐத் தாண்டினாலே இதயத் தசைக்குக் கேடு என்று எச்சரிக்கப்படுகிறது. ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்த இதயம் இது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதில் டயாலிசிஸுக்கு இடமிருக்கிறது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகிய அரசு மருத்துவமனைகளிலும் சிறுநீரகப் பிரிவுகள் உள்ளன. இரண்டிலிருந்து மூன்றாக்கச் செலவுதான் தடை என்றால் இந்த வழிகளைக் கேட்டுப் பாருங்கள்.

நீர் ஏறுவதற்குத் தண்ணீரைவிட உப்பே பெரிய காரணம். உப்பு உள்ளே போனால் தாகம் எடுக்கும். தாகமெடுத்தவரைக் குடிக்காதே என்று கட்டுப்படுத்துவது நடக்கிற காரியம் அன்று. எல்லாவற்றிலும் சேர்த்து நாளைக்கு ஐந்து கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் உப்புக்குள் சமையலை அடக்குங்கள். ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு நான்கையும் நிறுத்தினாலே ஏறும் எடையில் வேறுபாடு தெரியும். ஓட்டல் சாம்பாரும் சட்னியும் அடுத்தது. டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில் டிபன் சாப்பிடும் பழக்கம் இருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். சோடியத்துக்குப் பதிலாக அதில் பொட்டாசியம் இருக்கிறது, டயாலிசிஸ் நோயாளிக்கு அது இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். கத்திரி வெயிலில் தாகத்துக்கு ஐஸ் கட்டி சப்பலாம். ஆனால் உருகினால் அதுவும் தண்ணீர்தான்.

உணவில் நான் மாற்றச் சொல்வது அளவை அன்று, அமைப்பை. டயாலிசிஸ் தொடங்குமுன் புரதத்தைக் குறைக்கச் சொன்னது சரி. அப்போது சிறுநீரகத்தின் சுமையைக் குறைத்து நாளைத் தள்ளிப்போடுவது நோக்கமாக இருந்தது. டயாலிசிஸ் தொடங்கிய அன்றே அந்தப் பத்தியம் காலாவதியாகிவிட்டது. ஒவ்வொரு அமர்விலும் ஆறிலிருந்து பன்னிரண்டு கிராம்வரை அமினோ அமிலங்கள் வடிகட்டி வழியே வெளியேறிவிடுகின்றன. இப்போது எடைக்கு ஏற்ப, ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். இட்லியையும் சோற்றையும் மட்டும் நம்பி இந்த அளவை எட்ட முடியாது. முட்டையின் வெள்ளைக்கரு மூன்றோ நான்கோ தினமும் கொடுங்கள். புரதம் மிகுதி, சிறுநீரகம் ஓய்ந்தால் இரத்தத்தில் தேங்கிவிடும் பாஸ்பரஸ் மிகக் குறைவு. நூறு கிராம் மீனிலோ தோலில்லாத கோழியிலோ ஏறத்தாழ இருபது கிராம் புரதம் கிடைக்கும். பருப்பையும் அடியோடு விலக்க வேண்டியதில்லை. ஊறவைத்த நீரைக் கொட்டி, புது நீரில் வேகவைத்து அளவாகச் சேர்க்கலாம். பாஸ்பரஸ் கட்டுப்படுத்தும் மாத்திரை இருந்தால் அதைச் சாப்பாட்டின் நடுவே விழுங்க வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து விழுங்கினால் கட்டிப் பிடிக்க வயிற்றில் ஒன்றும் இருக்காது.

குறைக்க வேண்டியவை வேறு. எண்ணெயில் பொரித்தவை, பேக்கரிப் பொருட்கள், சர்க்கரை போட்ட காபி, மாலையில் பிஸ்கட், இரண்டாம் முறை போடும் சோறு. தொப்பையை வளர்ப்பவை இவைதான். இவற்றில் பலவற்றில் உப்பும் பாஸ்பேட்டும் மறைந்திருப்பதால் விலக்குவதில் இரட்டை ஆதாயம். மூன்று வேளையும் சாப்பிட்டு, ஆறு மாதத்தில் இடுப்பு மூன்று, நான்கு செ.மீ. இறங்கினால் அது நல்ல வேகம். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அரை மணி நேரம் நடக்கட்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரும் பயிற்சியும் தொடைச் சதையைக் காக்கும். சில சென்டர்களில் டயாலிசிஸின் முதல் இரண்டு மணி நேரத்தில் படுத்தபடியே மிதிக்கும் சைக்கிள் வைத்திருக்கிறார்கள். உங்கள் சென்டரில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஸ்டென்ட் உள்ளவர் என்பதால் தொடங்குமுன் இதய மருத்துவரின் சம்மதம் வேண்டும்.

எடை குறைக்கும் புது ஊசிகளைப் பற்றி உங்கள் கொழுந்தனார் அடுத்து எழுதக்கூடும். அவற்றில் ஒன்றான செமாக்ளுடைட் சிறுநீரக நோயின் வேகத்தைக் குறைக்கிறது என்று 2024-இல் வெளியான ஆய்வு, டயாலிசிஸ் தொடங்காதவர்களிடம் நடத்தப்பட்டது. ஏற்கெனவே பசியடங்கிச் சதை கரைகிற ஒருவருக்கு, பசியை மேலும் அடக்கும் ஊசியை நானாக இப்போது தொடங்க மாட்டேன். உறுப்பு மாற்றத்துக்கு எடை தடையாக இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. இவருடைய பிஎம்ஐ 27.6 தான், அந்தத் தடை இவருக்கு இல்லை.

கொழுப்பு மாத்திரை பற்றிச் சொன்னவரும் ஓர் ஆய்வைப் பாதி படித்திருக்கிறார். ஜெர்மனியில் டயாலிசிஸில் இருந்த சர்க்கரை நோயாளிகளுக்கு அட்டர்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையைக் கொடுத்து 2005-இல் வெளியான ஆய்வும், ரோசுவாஸ்டாட்டினைக் கொடுத்து 2009-இல் வெளியான பன்னாட்டு ஆய்வும், டயாலிசிஸுக்கு வந்த பிறகு புதிதாகத் தொடங்கும் மாத்திரையால் மாரடைப்பும் மரணமும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்றே காட்டின. டயாலிசிஸ் நோயாளிகளின் இதய மரணங்களில் பெரும்பங்கு, குழாயில் கொழுப்பு அடைப்பதால் மட்டும் வருவதில்லை. தாளம் தவறும் இதயம், நீர்ச் சுமை, குழாய்ச் சுவரில் படியும் கால்சியம் ஆகியவற்றுக்கும் அதில் இடமுண்டு. இதையொட்டி 2013-இல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதல், டயாலிசிஸில் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றது. ஆனால் டயாலிசிஸ் தொடங்கும்போதே சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு நிறுத்த வேண்டாம், தொடரலாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. 2019-இல் ஸ்டென்ட் வைத்ததிலிருந்தே சாப்பிட்டுவந்திருந்தால் உங்கள் கணவர் இரண்டாவது வகை. இதய மருத்துவரைப் பார்த்து அதை மறுபடி தொடங்குவது பற்றிப் பேசுங்கள். ஸ்டென்டுக்காகக் கொடுத்த வேறு மாத்திரை எதையாவது இதேபோல நிறுத்தியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வயிற்றில் செய்யும் டயாலிசிஸ் நல்ல முறைதான். நீர் நாள்தோறும் சீராக வெளியேறும், வாரத்தில் இரண்டு முறை உடலை உலுக்கி எடுப்பது இருக்காது. தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அதற்கான திரவப் பைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆனால் நீங்கள் இதைக் கேட்பது சர்க்கரையும் தொப்பையும் குறையும் என்ற எண்ணத்தில் என்றால், அது நடக்காது. அந்தத் திரவம் நீரை இழுப்பதே அதில் கரைந்துள்ள குளுக்கோஸின் பலத்தால், 1.5, 2.5, 4.25 விழுக்காடு என்று பைகள் வருகின்றன. வயிற்றுச் சவ்வு வழியே நாளொன்றுக்கு நூறு கிராமும் அதற்கு மேலும் குளுக்கோஸ் உடலுக்குள் போய்விடும். இன்சுலின் தேவை கூடும், டிரைகிளிசரைடு ஏறும், இடுப்பும் பெருக்கும். போதாததற்கு இந்த முறையில் புரதமும் தினமும் வெளியேறுகிறது. இதயம் மிகவும் பலவீனமாகி, சாதாரண டயாலிசிஸில் இரத்த அழுத்தம் அடிக்கடி விழுகிறது என்றால் இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டு மாறலாம். தொப்பையையும் டிரைகிளிசரைடையும் மட்டும் காரணமாக வைத்து மாற வேண்டாம் என்பது என் கருத்து. வாரம் மூன்று முறையாக்குவதை முதலில் செய்துபாருங்கள்.

உங்கள் சிறுநீரகத்தைக் கொடுக்க முன்வந்திருக்கிறீர்கள். 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி மனைவி நெருங்கிய உறவினர், சட்டத்தில் தடையில்லை. இரத்தப் பிரிவு பொருந்தாவிட்டாலும் இன்று வழிகள் இருக்கின்றன. உறுப்பு மாற்றத்துக்குப் பிறகு, புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் சர்க்கரையை மறுபடி ஏற்றும். சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியதும் இன்சுலினும் பழைய வேகத்தில் வெளியேறும். அப்போது நாற்பது யூனிட் திரும்பி வந்தாலும் திகைக்காதீர்கள், அது சிறுநீரகம் உயிரோடிருப்பதன் அடையாளம். ஸ்டென்ட் உள்ளதால் இதயப் பரிசோதனைகள் முதலில் முடிய வேண்டும். அவற்றைச் செய்யும்போதே, ஒருவேளை உங்களால் கொடுக்க முடியாமல் போனாலும் காலம் வீணாகாதபடி, மருத்துவமனை வழியாக மாநில உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானில் அவர் பெயரையும் பதிந்துவிடுங்கள்.

கொடுப்பவர் நீங்கள் என்பதால் உங்களுடைய எண்களும் எனக்கு வேண்டும். தாய்க்குச் சர்க்கரை உள்ள 46 வயதுப் பெண்மணிக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்தால் போதாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனை, எச்பிஏ1சி, சிறுநீரில் ஆல்புமின், இரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு எல்லாம் வேண்டும். கணவருக்குச் சொல்லப்பட்ட அதே ஐந்து அளவுகோல்கள், சிறுநீரகம் நன்றாக இருக்கும் உங்களுக்குத்தான் முழுப் பொருளோடு பொருந்தும். 80 செ.மீ. எல்லையைத் தாண்டியிருந்தால் தானத்துக்கு முன்பே அதைக் குறைக்க வேண்டும். சர்க்கரையின் தொடக்கம் தெரிந்தால், எவ்வளவு விருப்பம் இருந்தாலும் நல்ல மருத்துவக் குழு உங்களைத் தயங்கித்தான் ஏற்கும். அவருடைய டிரை வெயிட்டைப் பற்றிப் பேசப் போகும் அன்றே வெறும் வயிற்றோடு போய் உங்கள் இரத்தத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.